ஏ52எஸ் வச்சிருக்கேன், ஏ56-க்கு மாறலாமா? பேட்டரி மட்டும் மாத்தினா போதுமா?

வள்ளியூர்க்காத்து:

கையில இருக்கது சாம்சங் ஏ52எஸ் 5ஜி, 8 ஜிபி ரேம், 128 ஜிபி. வாங்கி நாலு வருஷம் தாண்டிட்டு. வேலை காத்தாடி (காற்றாலை) மெயின்டெனன்ஸ். பணகுடி, பழவூர், ராதாபுரம் பக்கம் சைட்டு. போன் பாதி நாள் பைக் ஹேண்டில்ல, மீதி நாள் வெயில்ல. அதனால பேட்டரி தேஞ்சதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

இப்ப உள்ள நிலைமை இதுதான். காலையில 100 வச்சு எடுத்துட்டுப் போனா மத்தியானம் ரெண்டு மணிக்கு 20. கேமராவத் திறந்தா 18-லயே பொசுக்குன்னு அணையுது. சார்ஜர் வயரைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் ஏறுது. வாட்ஸ்அப் திறக்க யோசிக்குது. ஸ்டோரேஜ்ல மிச்சம் 6 ஜிபி. உள்ள 256 ஜிபி மெமரி கார்டு ஒண்ணு கிடக்கு.

கடையில கேட்டா ஏ56 எடுங்கங்கான். புது சிப்பு, 45 வாட் சார்ஜிங், வெயில்ல ஸ்கிரீன் நல்லாத் தெரியும், கேமரா வேற லெவல், 5ஜி இன்னும் நல்லா எடுக்கும்னு அடுக்குதான். நாப்பதாயிரம் பக்கம் போடணும். எனக்கு வேண்டியது மூணுதான்: ஒரு நாள் சார்ஜ் நிக்கணும், வெயில்ல ஸ்கிரீன் தெரியணும், கீழ இருந்து பிளேடு போட்டோ எடுத்தா அதுல ஏதாவது தெரியணும். கேம் கிடையாது. ஜிபே, பேங்க் ஆப் ரெண்டும் இந்தப் போன்லதான்.

விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க.

தேரிமணல்:

நீங்க சொன்ன கோளாறுல பாதி பேட்டரி, கால்வாசி சார்ஜிங் போர்ட், மீதி ஸ்டோரேஜ். மூணும் தேயுற சாமான்தான். போன் செத்துப் போவல. கடைக்காரர் அடுக்கின பட்டியல்ல இந்த மூணுக்கும் நேரா மருந்து ஒண்ணும் இல்ல, கவனிச்சியளா? புதுப் போன்ல எல்லாமே புதுசா இருக்கும், அம்புட்டுதான்.

முதல்ல போர்ட். வயரைச் சாய்ச்சாத்தான் ஏறுதுன்னா பத்துக்கு ஏழு, உள்ள அமுங்கிக் கிடக்க தூசியும் பஞ்சும்தான். நம்ம பக்கத்து செம்மணல் மாவு மாதிரி. வயரைச் சொருகச் சொருக அது பின்சுவர்ல கட்டி தட்டிப் போவும். பிளக் கடைசி அரை மில்லி உள்ள போவாது. போனை அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. மரப் பல்குத்தியச் சீவி மெல்லிசாக்கி, நடு நாக்கைத் தொடாம, சுவரை ஒட்டிச் சுரண்டி எடுங்க. ஊசி, பின்னு ரெண்டும் ஆவாது. நடு நாக்குல இருக்க தங்க முலாம் போனா சார்ஜிங் போர்ட்டையே மாத்தணும். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போயி "ஈரம் இருக்கு"ன்னு எச்சரிக்கை காட்ட ஆரம்பிச்சிரும். கடைசியா ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைச்ச மெல்லிய பிரஷ்ல ரெண்டு தடவ தடவி, பத்து நிமிஷம் காய விடுங்க. ராதாபுரம் தாண்டிக் கடக்கரைப் பக்கம் போற ஆளுன்னா பின்னுல பச்சையா, கருப்பா படிஞ்சிருக்கான்னும் பாருங்க. அது உப்புக்காத்து அரிச்சது, சுத்தம் பண்ணித் தீராது. இந்த மாடல்ல போர்ட் இருக்கது சப் போர்டுங்கிற தனிச் சின்னப் பலகையில, மதர்போர்டைத் தொடாம மாத்தலாம். ஆனா ஏ52-ன்னு பேரு வச்சு மூணு மாடல் உண்டு. உங்களுக்கு வேண்டியது எஸ்எம்-ஏ528பி-க்கு உள்ளது. "எல்லாம் ஒண்ணுதான்"னு மாட்டினா ஃபாஸ்ட் சார்ஜிங் போவும், இல்லன்னா மைக் போவும்.

அடுத்தது பேட்டரி. 18-ல அணையுதுங்கதுதான் இதுல முக்கியமான அடையாளம். கொள்ளளவு மட்டும் குறைஞ்சிருந்தா வேகமா இறங்கும், ஆனா ஒழுங்கா இறங்கும். கேமரா திறந்ததும் அணைஞ்சா உள்மின்தடை ஏறிட்டுன்னு அர்த்தம். கேமரா ஒரேயடியா கரண்ட் இழுக்கும், அந்த நேரம் வோல்டேஜ் சரிஞ்சு விழும், போன் தன்னைக் காப்பாத்திக்கிட அணைஞ்சிரும். இதுக்கு எந்த செட்டிங்கும் மருந்து கிடையாது. உறுதி பண்ணணும்னா சாம்சங் மெம்பர்ஸ் ஆப்ல போன் டயக்னாஸ்டிக்ஸ், பேட்டரி ஸ்டேட்டஸ் பாருங்க. அது மொத்தத்துல நல்லது, சுமார், மோசம்னுதான் சொல்லும். எண் வேணும்னா அக்யூபேட்டரிங்கிற ஆப் போட்டு ஒரு வாரம், 20-க்குக் கீழ இருந்து 80-க்கு மேல வரைக்கும் சார்ஜ் பண்ணுங்க. ஒரு தடவ ஏத்திப் பாத்து வர்ற எண்ணை நம்பாதீங்க. அசல் 4500 எம்ஏஎச். 3600-க்குக் கீழ காட்டினா மாத்த வேண்டிய நேரம்.

வாங்கும்போது பேட்டரி மேல இருக்க எண்ணைப் பாருங்க: ஈபி-பிஜி781ஏபிஒய். எஸ்20 எஃப்இ-க்கும் இதே பேட்டரிதான், அதனால கிடைக்கதுல சிரமம் இருக்காது. அதே அளவுல "5500 எம்ஏஎச்"னு லேபிள் ஒட்டி வரும், அது பொய். செல்லோட கன அளவு மாறாம 1000 எம்ஏஎச் கூடாது. கடையில மல்டிமீட்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க. புதுசு 3.7-ல இருந்து 3.9 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 3-க்குக் கீழன்னா அலமாரியிலயே கிடந்து செத்தது. சார்ஜ் ஏறும், ஆறு மாசத்துல உப்பும்.

மாத்துறவரு சரியாப் பண்ணுதாரான்னு எதிர இருந்தே பாத்துக்கிடலாம். திறக்க முன்ன சார்ஜ் 25-க்குக் கீழ இருக்கணும். தப்பித் தவறி செல்லு கீறுனா தீ பெருசா பிடிக்காது. சிம் ட்ரேயை முதல்ல உருவணும். பின்மூடி பிளாஸ்டிக், கண்ணாடி இல்ல, அதனால 70-80 டிகிரி சூடு போதும். ஹாட் கன்னை நெருக்கிப் பிடிச்சா மூடி நெளிஞ்சு பிறகு ஒட்டாது. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழத்துறது, பிறகுதான் மத்த ஃபிளெக்ஸ் (பட்டை வயர்). அடியில பசை பலமா இருக்கும், ஆல்கஹால் நாலு சொட்டு விட்டு ரெண்டு மூணு நிமிஷம் பொறுத்து பிளாஸ்டிக் கார்டால நெம்பணும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப ஆரம்பிச்சா போனை வாங்கிக்கிட்டு வந்துருங்க.

மூடுதுக்கு முன்ன சார்ஜிங், ஸ்பீக்கர், கைரேகை எல்லாம் ஒருக்க பாக்கணும். மூடிக்கு வெட்டி வச்ச ஸ்டிக்கர் உண்டு, அதைத்தான் ஒட்டணும். டியூப் பசை தடவினா ஓரத்துல பிதுங்கி மைக் ஓட்டையை அடைக்கும். ஸ்டிக்கரே போட்டாலும் பழைய ஐபி67 (தண்ணி, தூசி தாங்குற தரம்) திரும்ப வராதுன்னு வச்சுக்கிடுங்க. மழையில நனைய விடாதீங்க.

ஸ்டோரேஜ் விஷயம் சுருக்கமா. 128-ல 6 மிச்சம்னா எந்தப் போனும் திணறும், புதுசும் திணறும். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். பெரிய ஃபைல் மேல வரும், குரூப் வாரியா அழிங்க. 25 ஜிபி காலி இருக்க மாதிரி வச்சுக்கிடுங்க. ஸ்டோரேஜ்ல கொஞ்சத்தை ரேம் மாதிரி எடுத்துக்கிடுத ரேம் பிளஸ்ஸை ஆஃப் பண்ணுங்க. கேஷ் பார்ட்டிஷன் (போன் தற்காலிகமா சேத்து வச்ச ஃபைல்) துடைக்கணும்னா ரெக்கவரிங்கிற பழுதுபாக்குற மெனுவுக்குப் போகணும். போனை யூஎஸ்பி வயரால கம்ப்யூட்டர்ல மாட்டிட்டுத்தான் வால்யூம் அப், பவர் ரெண்டையும் பிடிக்கணும். வயர் இல்லாம எத்தன தடவ அமுக்கினாலும் வராது. நிறைய பேரு இதுலயே போன் கெட்டுட்டுன்னு நினைச்சுக்கிடுதாங்க.

எல்லாம் சேத்தாலும் புதுப் போன் விலையில பத்துல ஒரு பங்கு ஆவாது.

அலைவரிசை:

5ஜி பத்தி மட்டும் சொல்லுதேன், கடைக்காரங்க அதிகம் குழப்புறது இதுலதான்.

உங்க ஏ52எஸ்-லயே நம்மூர்ல வேண்டிய 5ஜி பேண்டு உண்டு. ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் (என்28), 3.5 கிகாஹெர்ட்ஸ் (என்78) ரெண்டையும் ஓட்டுது. மலையடிவாரத்துல சிக்னல் எட்டுறது 700-ஆல. 3.5 வேகமானது, ஆனா டவருக்குக் கிட்ட இருந்தாத்தான். ஏ56 வாங்கினா டவர் கிட்ட வந்துராது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நிழல் விழுற எடத்துல பழசுக்குக் கிடைக்காதது புதுசுக்கும் பெருசாக் கிடைக்காது.

சந்தேகம்னா டயல் பேட்ல *#0011# போடுங்க. எந்த பேண்டுல நிக்கி, ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் பலம், எவ்வளவுன்னு வரும். மைனஸ் 90 நல்லது. மைனஸ் 110-க்குக் கீழ போனா போன் கத்திக் கத்திப் பேசுத மாதிரி, பவரைக் கூட்டிக்கிட்டே இருக்கும். உங்க பேட்டரி மத்தியானமே தீருதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். சைட்ல இருக்கும்போது நெட்வொர்க் மோடை எல்டிஇ-க்கு, அதாவது 4ஜி-க்கு, மாத்தி ரெண்டு நாள் பாருங்க. ஏர்டெல் சிம்னா இதுல லாபம் கூட. அவங்க போன் 5ஜி பெரும்பாலும் 4ஜி-யை நங்கூரமா வச்சு ஓடுறது, அதனால ரெண்டு ரேடியோவும் ஒரே நேரம் முழிச்சிருக்கும். ஜியோ 5ஜி தனியா ஓடும், அதுல இந்தச் செலவு கம்மி.

ரெண்டாவது சிம் பிஎஸ்என்எல் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. அவங்க 4ஜி 700-லயும் 2100-லயும் வருது, ரெண்டுமே இந்தப் போன்ல உண்டு. ஆனா பேண்டு இருந்தா மட்டும் 4ஜி-ல பேச முடியாது. போன் மென்பொருள்ல அந்த நெட்வொர்க்குக்கு வோல்ட்இ (4ஜி வழியாவே கால் பேசுறது) அமைப்பு இருக்கணும். இல்லன்னா கால் வரும்போது நெட் கீழ இறங்கிரும். புதுப் போன் எடுக்கவங்க கடையிலயே தன் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாத்துட்டு எடுக்கது நல்லது. பில் போட்ட பிறகு இல்ல, முன்னாடி.

வள்ளியூர்க்காத்து:

நம்மகிட்ட இருக்கது ஏர்டெல் சிம்தான். எல்டிஇ-க்கு மாத்திப் பாக்கேன். போர்ட் சமாச்சாரம் இன்னைக்கு ராத்திரியே பாத்துருதேன்.

ஆனா போட்டோவும் ஸ்கிரீனும்? காத்தாடி டவர் 80 மீட்டர். பிளேடு நுனியில கீறல் மாதிரி இருந்தா கீழ இருந்து எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும். இப்ப எடுக்கது எல்லாம் வெள்ளைக் கோடு மாதிரித்தான் இருக்கு. ஏ56-ல 50 மெகாபிக்சல்ங்கான்.

சித்தாறு:

தம்பி, கணக்குப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சு போகும்.

இந்தப் போன்களோட மெயின் லென்ஸ், 36 மிமீ அகல ஃபிலிம் கேமரா கணக்குல ஏறக்குறைய 25 மிமீ லென்ஸுக்குச் சமம். 80 மீட்டர் தள்ளி இருக்கிற பொருளை அதுல எடுத்தா படத்தோட அகலத்துல அடங்குறது 36-ஐ 25-ஆல வகுத்து 80-ஆல பெருக்கின தூரம், அதாவது சுமார் 115 மீட்டர். சாதாரண 12 மெகாபிக்சல் படம் 4000 புள்ளி அகலம். ஒரு புள்ளிக்கு கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். கீறல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு வந்துச்சுன்னா அதைப் பாக்க போட்டோ தேவையில்லை.

ஏ56-ஓட 50 மெகாபிக்சல் மோடுல எடுத்தா புள்ளிக்கு 1.4 சென்டிமீட்டர். உங்க பழைய ஏ52எஸ்-ல 64 மெகாபிக்சல் மோடு இருக்கு, கேமரா திறந்து மேல விகிதத்தைத் தொட்டா 3:4 64எம்-னு வரும். அதுல 1.25 சென்டிமீட்டர். ஆக இந்த ஒரு வேலையில பழசு காகிதத்துல கொஞ்சம் மேல! ரெண்டுலயும் தனி டெலிஃபோட்டோ (தூரத்தை இழுத்துக் காட்டுற) லென்ஸ் கிடையாது. திரையில 10 மடங்கு ஜூம்னு காட்டுறது வெட்டிப் பெருசாக்குறது மட்டும்தான்.

3 மடங்கு டெலி இருக்கிற எஸ்24 எஃப்இ மாதிரிப் போன்ல? 75 மிமீ, படத்தில அடங்குறது 38 மீட்டர், 8 மெகாபிக்சல். புள்ளிக்கு 1.2 சென்டிமீட்டர். வெட்டாம வர்ற படம், கொஞ்சம் தெளிவா இருக்கும், ஆனா கீறலுக்குக் காணாது. பிளேடுக்காகப் போன் மாத்துறதா இருந்தா எந்த விலையிலயும் ஏமாற்றம்தான். அந்த வேலைக்குப் பழைய பிரிட்ஜ் கேமரா (லென்ஸ் கழத்த முடியாத பெரிய ஜூம் கேமரா) ஒண்ணு, 1200 மிமீ-க்குச் சமமான ஜூம் உள்ளது, செகண்ட் ஹேண்டுல பாருங்க. படத்தில அடங்குறது 2.4 மீட்டர், 4600 புள்ளி, அதாவது புள்ளிக்கு அரை மில்லிமீட்டர். முக்காலி இல்லாம அந்த ஜூம்ல எடுத்தா ஆட்டம் எல்லாத்தையும் கெடுத்திரும். ஆடிக் காத்துல முக்காலிக்கு நடுவுல ஒரு பையில கல்லைப் போட்டுத் தொங்க விடணும். பிளேடு வெள்ளை, பின்னால வானமும் வெள்ளை. அதனால எக்ஸ்போஷரை ஒரு படி குறைச்சு, காலையில வெளிச்சம் பக்கவாட்டுல விழும்போது எடுங்க. உச்சி வெயில்ல கீறலுக்கு நிழலே விழாது.

இன்னொண்ணு, அனுப்புற விதம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 64 மெகாபிக்சல்ல எடுத்து அப்படி அனுப்புறது குற்றாலத் தண்ணியைப் பிடிச்சு டீத்தூள் வடிகட்டியில ஊத்துற மாதிரி. டாக்குமென்டா இணைச்சு அனுப்புங்க, அல்லது தேவையான பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்க.

ஸ்கிரீன் விஷயத்துல கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. வெயில்ல ஏ52எஸ் 800 நிட்ஸ் (வெளிச்ச அளவு) வரை போகும், ஏ56 1200. விளம்பரத்துல வர்ற 1900 எச்டிஆர் படத்துல சின்னப் பகுதிக்கு மட்டும். 800-க்கும் 1200-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், ஆனா எண்ணுல இருக்கிற அளவு தெரியாது. அதைவிட, போன் சூடானா ரெண்டுமே தானா மங்கிரும். பைக் ஹேண்டில்ல அரை மணி நேரம் வெயில் வாங்கின ஏ56, சட்டைப் பையில இருந்து எடுத்த ஏ52எஸ்-ஐ விட மங்கலா இருக்கும். கருப்புக் கவர் போட்டிருந்தா மாத்துங்க. ஸ்கிரீன் மேல மலிவான டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்து நடுவுல காத்து நுழைஞ்சிருந்தா, பளபளப்புல பாதி அதாலதான். ஆட்டோ பிரைட்னஸ் ஆன்ல இருக்கணும். அது ஆஃப்ல இருந்தா 800 வரைக்கும் ஏறவே ஏறாது, கையால இழுக்கிற எல்லை அதுக்குக் கீழயே நின்னுரும்.

ஹேண்டில் பத்தி இன்னும் ஒண்ணு. ரெண்டு போன்லயும் மெயின் கேமராவுல ஓஐஎஸ், அதாவது கை ஆட்டத்தைச் சமாளிக்க லென்ஸ் சின்ன காந்தத்துல மிதக்குது. மோட்டார் சைக்கிள் அதிர்வு இந்த மாதிரி லென்ஸைக் கெடுக்கலாம்னு 2021-ல ஆப்பிளே தன் போன்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. இயற்பியல் எல்லாருக்கும் ஒண்ணுதான். வீடியோ எடுக்கும்போது ஓரம் தளதளன்னு ஆடுச்சுன்னா லென்ஸ் போயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. நாப்பதாயிரம் போட்டு வாங்கினதை அங்க மாட்டாதீங்க. மாட்டித்தான் ஆகணும்னா ரப்பர் டேம்பர் வச்ச மவுன்ட்.

பொருநைக்கரை:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா யாரும் தொடாத ஒண்ணு இருக்கு, ஜிபே-யும் பேங்க் ஆப்பும் இந்தப் போன்லதான்னு கேள்வியிலயே இருக்கு.

ஏ52எஸ் 2021 செப்டம்பர்ல இந்தியாவுக்கு வந்தது, ஆண்ட்ராய்டு 11-ல. மூணு பெரிய அப்டேட், நாலு வருஷ செக்யூரிட்டி. ஆண்ட்ராய்டு 14-ஓட நின்னாச்சு, செக்யூரிட்டி 2025-ல முடிஞ்சாச்சு. பேட்டரி மாத்தலாம், இதை எந்தக் கடையிலயும் மாத்த முடியாது. என்னைக் கேட்டா புதுப் போனுக்கு நியாயமான காரணம் இது ஒண்ணுதான்.

அதுக்காக நாளைக்கே ஆபத்துன்னு பயமுறுத்தல. குரோம், வெப்வியூ (ஆப்புக்குள்ள வெப் பக்கம் காட்டுறது) ரெண்டும் பிளே ஸ்டோர் வழியா இன்னும் புதுப்பிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்டும் தனியா வரும். செட்டிங்ஸ், செக்யூரிட்டி, அப்டேட்ஸ் போயி அதை ஒருக்க அமுக்கிப் பாருங்க, பல பேரு தொட்டதே இல்ல. அடைபடாதது கீழ்த்தளம்: கெர்னல், மோடம், கிராஃபிக்ஸ் டிரைவர். அந்த ஓட்டை வழியா வர்றவனுக்கு முதல்ல உங்க போன்ல ஒரு ஆப் இறங்கணும். ஆகவே வாட்ஸ்அப்ல வர்ற கல்யாணப் பத்திரிகை ஏபிகே (ஆப் நிறுவுற ஃபைல்), பேங்க் கேஒய்சி ஏபிகே எதையும் தொடாம, "தெரியாத ஆப் நிறுவ அனுமதி"யை வாட்ஸ்அப்புக்கும் ஃபைல் மேனேஜருக்கும் மூடி வச்சா, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். பெரிய தொகை இருக்க அக்கவுண்டை யூபிஐ-ல இணைக்காம, செலவுக்கு உள்ளதை மட்டும் ஒரு அக்கவுண்டுல வச்சு இணைங்க. ரெண்டு வருஷம் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

ஏ56 நல்ல போனா? 2025 மார்ச்ல 8/128 41,999-க்கு வந்தது, ஆறு வருஷ அப்டேட், 2031 மார்ச் வரைக்கும். வாங்குன விலையை மிச்சம் இருக்க அப்டேட் வருஷத்தால வகுங்க. வெளியான அன்னைக்கு வருஷத்துக்கு 7,000. ஒரு வருஷம் கழிச்சு 35,000-க்கு எடுத்தாலும் அதே 7,000. அதுக்கு மேல குடுத்து எடுத்தா நீங்க நஷ்டம், கீழ வந்தா லாபம். விழாக்கால சலுகையில எஸ்24 எஃப்இ விலை இறங்கும், அதுக்கு ஏழு வருஷம். அதையும் இதே மாதிரி வகுத்துப் பாத்துக்கிடுங்க, பேரைப் பாத்து எடுக்காதீங்க. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைஞ்சதுன்னு சொல்லி விலை இறங்கும்னு காத்திருக்கவங்க உண்டு. செல்போனுக்கு அப்பவும் 18 சதவீதம்தான், குறையல.

ஏ52எஸ்-ல இருந்து போனா கைய விட்டுப் போறதும் உண்டு, கடையில அதைச் சொல்ல மாட்டாங்க. மெமரி கார்டு எடம் கிடையாது. உங்ககிட்ட 128-உம் 256 கார்டும் நிறைஞ்சு கிடக்குன்னா 8/128 எடுக்கது முட்டாள்தனம், 256-தான். ஹெட்போன் ஓட்டை கிடையாது. நூறு ரூபா சி-டைப் மாத்தி வேலை செய்யாது, உள்ள டேக் சிப் (டிஜிட்டலை ஒலியா மாத்துறது) இருக்க மாத்திதான் வேணும். பின்பக்கம் கண்ணாடி. கான்கிரீட் தரையில விழுந்தா பிளாஸ்டிக் மூடி மாதிரி பொறுத்துக்கிடாது. பெட்டியில சார்ஜர் வராது. உங்க பழைய 15 வாட் சார்ஜர் மாட்டினா 15 வாட்தான் ஏறும். 45 வேணும்னா பிபிஎஸ் உள்ள பிடி சார்ஜரும் (பெட்டியில PD, PPS-ன்னு போட்டிருக்கும்), 5 ஆம்பியர் தாங்குற சி-டு-சி வயரும் வாங்கணும். வேற கம்பெனியோட "67 வாட், 80 வாட்" சார்ஜர் வீட்டுல இருக்குன்னு நினைச்சுக்கிடாதீங்க, அதுல பலதும் சாம்சங்கோட மெதுவாத்தான் பேசும்.

மாறுறதுன்னா ஒரு வரிசை உண்டு. வரிசை தப்பினாத்தான் பாடு. பழைய போன்ல எல்லாம் உயிரோட இருக்கும்போதே சாம்சங்கோட ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப்ல வயர் வழியா மாத்துங்க, கார்டுல உள்ளதைக் கம்ப்யூட்டர்ல தனியா ஏத்திக்கிடுங்க. வாட்ஸ்அப்புக்கு அதோட செட்டிங்ஸ்லயே சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் உண்டு, க்யூஆர் காட்டி நேரா மாத்தும். கூகுள் டிரைவ் பேக்கப்பை நம்பினா இப்ப அது 15 ஜிபி இலவச எடத்துலயே கழியும், நிறைஞ்சிருந்தா பாதியில நிக்கும். ஓடிபி காட்டுற ஆதென்டிகேட்டர் ஆப் வச்சிருந்தா எக்ஸ்போர்ட் க்யூஆர் எடுக்காமப் பழசை அழிச்சிராதீங்க. பிறகு சிம்மை மாத்தி, யூபிஐ ஆப்பைத் திறங்க. அது உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா அனுப்பும். வைஃபை ஆஃப், பேங்க்ல உள்ள நம்பர் எந்த சிம்மோ அதைத் தேர்ந்தெடுக்கணும், அந்த சிம்ல எஸ்எம்எஸ் போகணும். வேலிடிட்டி முடிஞ்ச சிம்மை வச்சுக்கிட்டு "வெரிஃபிகேஷன் ஃபெயில்டு"ன்னு முழிக்கிறவங்கதான் பாதிப் பேரு. பொதுவா முதல் 24 மணி நேரம் 5,000-க்கு மேல அனுப்ப விடாது, அதனால வாடகை, சீட்டுப் பணம் கட்டுற நாள்ல போன் மாத்தாதீங்க.

பழசை எக்ஸ்சேஞ்சுக்குக் குடுக்குறதா இருந்தா, ரீசெட் பண்ணுதுக்கு முன்ன கூகுள், சாம்சங் அக்கவுண்ட் ரெண்டையும் கழத்துங்க. கழத்தாம ரீசெட் பண்ணினா அது உங்க பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கிடும், வாங்க வந்தவரு திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவாரு. செகண்ட் ஹேண்டுல வாங்குற ஆளுன்னா *#06# போட்டு வர்ற 15 இலக்க எண்ணை, கேஒய்எம்ங்கிற மூணு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு எண், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. திருட்டுப் போன்னு முடக்கப்பட்டதா, போலி எண்ணான்னு பதில் வரும்.

வள்ளியூர்க்காத்து:

போர்ட்ல இருந்து அரிசி அளவுக்குச் செம்மண் உருண்டை வந்துது. இப்ப வயர் டக்குன்னு பிடிக்கி, சாய்க்க வேண்டாம். அக்யூபேட்டரி ஆறு நாள் ஓடினதுல 3150 காட்டுது. சைட்ல *#0011# மைனஸ் 114. எல்டிஇ-ல போட்டதுக்கு ரெண்டு மணிக்கு 20 இருந்தது 34 ஆச்சு.

பேட்டரி மாத்திட்டு அடுத்த தீபாவளி சலுகை வரைக்கும் ஓட்டலாம்னு இருக்கேன். பேங்க் ஆப்பை என்ன செய்யன்னு மட்டும் யோசனை.

பொருநைக்கரை:

ஆறு நாள்ல முடிவு எடுத்தாச்சு, நல்லது. சேமிப்புக் கணக்கை யூபிஐ-ல இருந்து கழத்திட்டு, செலவுக்கணக்கு ஒண்ணை மட்டும் வையுங்க. பேங்க் ஆப்ல ஒரு நாள் வரம்பைக் குறைக்க எடம் இருக்கும், 10,000 போட்டு வையுங்க. சலுகையில எடுக்கும்போது எஸ்24 எஃப்இ-யோ ஏ56-ஓ, அன்னைக்கு உள்ள விலையை வகுத்துப் பாத்து எடுங்க.

தேரிமணல்:

3150-ன்னா 70 சதவீதம், தயங்காம மாத்துங்க. மாத்தினதும் பேட்டரி ப்ரொடெக்ஷன்ல மேக்ஸிமம் வையுங்க, 80-ல நிறுத்திக்கிடும். சைட்டுக்குப் போற அன்னைக்கு மட்டும் பேசிக்கு மாத்தி முழுசா ஏத்துங்க. வெயில்ல இருந்து வந்ததும் சார்ஜ்ல போடாதீங்க, கால் மணி நேரம் ஃபேன் காத்துல கிடக்கட்டும். 45 டிகிரிக்கு மேல இருந்தா அதுவே ஏத்த மாட்டேங்கும், ஏத்துற சூட்டுல புது செல்லும் ரெண்டு வருஷத்துல பழசாயிரும்.

அப்புறம் மூடி ஒட்டினதும் ரப்பர் பேண்ட் நாலு போட்டு அரை மணி நேரம் தட்டையா வைக்கச் சொல்லுங்க. அவசரத்துல கையில குடுத்தா வலப்பக்கம் கீழ் மூலை மறுநாள் தூக்கும், அங்கதான் செம்மண்ணு போவும்.